ரோல் கழுவுகிறவள்

ஜவ்பர் நானா மூன்று கமராக்களைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிக்கத் தொடங்கினார். சாமான் வாங்க வந்தவளை வரவேற்கிற லட்சணம் அது.

பாலாவிச் சந்தியில் அவருடைய ஸ்டூடியோவைத் தெரியாதவர்கள் இல்லை. அவருடைய பிழைப்பைக் கெடுத்தவள் நான் என்பது அவருடைய தீர்ப்பு. ஐந்து வருடத்துக்கு முன் நான் கமராவும் கையுமாகக் கல்யாண வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். பெண்கள் பக்கத்துக்குப் பெண்ணே வருகிறாள் என்றதும் கனமூலையிலிருந்து கற்பிட்டி வரைக்கும் எல்லோரும் அவரைக் கைவிட்டுவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்வது?

"எது நல்லம் நானா? நான் பிலிம் ரோல் போடுற கமரா புடிச்சதே இல்ல. லேசாப் பழகிக்கொள்ள ஏலுமான ஒண்டு வேணும்."

"அஞ்சு வருசமாப் படம் புடிக்கிற ஆளுக்கு நான் படிச்சுக் குடுக்கவா?" என்றார், பேப்பரை இறக்காமலே. "பாத்து எடு. ஊருக்கே படம் காட்டின ஆள்தானே நீ."

திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை.

ஏழு மாதத்துக்கு முன் எத்தாளையில் ஷஸ்னா என்ற பெண்ணின் கல்யாணத்தை எடுத்தேன். பெண்கள் மட்டும் இருந்த அறை. தலையில் துணியில்லாமல், கொண்டை போட்டு, பூ வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அல்பம் அடிப்பதற்காக அந்தப் படங்களைப் பென்டிரைவில் போட்டு ஒரு கொமினிகேசன் கடையில் கொடுத்தேன். என் பிழை அதுதான், அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. "அடிச்சு முடிஞ்சதும் அழிச்சிடுங்க" என்றேன். "அழிச்சிட்டன்" என்றான் கடைக்காரன். ஷஸ்னா போன் எடுத்துக் கேட்டபோது நானும் அதையே சொன்னேன், அழிச்சிட்டன் என்று. அவளுடைய மாப்பிள்ளை கட்டாருக்குத் திரும்பிப் போன கிழமை, அந்தப் படம் கடையிலிருந்து கசிந்து, அவனுக்கு முன்னால் அங்கே போய், அவனோடு ஒரே அறையில் இருப்பவனின் போனில் கிடந்தது. அன்றிலிருந்து அவன் அவளோடு சரியாகக் கதைப்பதில்லை.

எனக்கு ஒத்துக்கொண்டிருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மிஞ்சியது ஒன்று. ஷஸ்னாவின் சாச்சி, சின்னம்மா முறையான நஃபீஸா, தன் மகள் றிஷ்னாவின் கல்யாணத்துக்காக வீடு தேடி வந்தார். வந்தவர் கதிரையில்கூட இருக்கவில்லை.

"இந்தப் பக்கத்துல படம் புடிக்கிற வேற பொம்புள இல்ல, அதுக்காகத்தான் வந்தன். கார்ட் போடுற கமரா வாசல் தாண்டப்படாது. முந்தின மாதிரி ரோல் கமராவால எடு. முடிஞ்சதும் ரோல் எங்கட கையில. அதுக்கும் முதல்ல ஷஸ்னா ஓம் எண்டு சொல்லோணும். அவ இல்லயெண்டா, இல்லதான்."

இந்தக் கல்யாணமும் போனால் என் வேலை முடிந்தது. பிறகு யார் வீட்டிலும் என்னைக் கமராவோடு உள்ளே விடமாட்டார்கள். அதனால்தான் ஜவ்பர் நானாவின் முதுகுக்கு முன்னால் நின்றேன்.

முதல் கமரா பெரியது, மினுக்கமானது. தானே கூர்மை பார்க்கும், தானே ரோலைச் சுற்றும். புதிதாகப் பழகுகிறவளுக்கு இதுதான் லேசு என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அதன் பற்றரி கொழும்பிலும் தேடித்தான் எடுக்க வேண்டும். பற்றரி செத்தால் கமராவும் சாகும். பின்கதவைத் திறந்தேன். வெளிச்சம் புகாமலிருக்க ஒட்டியிருந்த கறுப்புப் பஞ்சு உருகி, விரலில் பசையாக வந்தது. இரண்டாவது பார்க்க வடிவாக இருந்தது. போன் டோர்ச்சை அடித்து லென்ஸுக்குள் பார்த்தேன். கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சணம் ஓடியிருந்தது. இந்தக் கரைக் காற்றில் பூட்டி வைத்தால் வேறென்ன வரும்?

மூன்றாவது பாரமானது, மூலைகளில் பூச்சுப் போய்ப் பித்தளை தெரிந்தது. அது தானாக ஒன்றுமே செய்யாது. கூர்மையை நான் பார்க்க வேண்டும், ஷட்டர் வேகத்தை நான் வைக்க வேண்டும். கண்ணை வைத்தால் உள்ளே ஒரு சின்ன முள். வெளிச்சம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும், நடுவில் நின்றால் பொத்தானை அமத்தலாம். அந்த முள்ளுக்கு மட்டும்தான் பற்றரி, அதுவும் மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கிற பொத்தான் பற்றரி. ஒவ்வொரு வேகமாக வைத்து, காதுக்குக் கிட்டப் பிடித்து அமத்திப் பார்த்தேன். ஒரு செக்கனில் சத்தம் நீளமாக இழுத்தது. செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கில் 'டக்' என்றது. இதுதான் எனக்கு ஏற்றது என்று தெரிந்துவிட்டது. என் கண்ணுக்கு மறைவாக எதையும் செய்யாத கமரா. மறைவாக நடந்தவற்றால் நான் பட்டது போதும்.

"இத எடுக்கிறன்."

ஜவ்பர் நானா அப்போதுதான் திரும்பினார். அவர் என் தலையில் கட்ட நினைத்தது முதலாவதை. முகத்தில் தெரிந்தது. கமராவைப் பையில் போட்டுத் தந்துவிட்டுச் சிரித்தார்.

"எடு, எடு. எடுத்துப்போட்டு கழுவுறதுக்கு எனக்கிட்டத்தானே வரணும்? இந்தப் பகுதியில ரோல் கழுவுற ஆள் நான் மட்டும்தான். அப்ப பொம்புளப் பகுதியக் கடசியில நானும் பாக்கத்தான் போறன்."

காறித் துப்பலாம் போலிருந்தது. காசை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்து பையைக் கட்டிலில் எறிந்தேன். என் உம்மா ஸுலைஹா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கொதிப்பில் எனக்கு வந்த வசனம் இதுதான்: "றிஷ்னாவ ஜவ்பர் நானாதான் கழுவுவாராம்!"

சுளகு கீழே விழுந்தது.

"இன்னாலில்லாஹி... றிஷ்னாவா? எப்ப? காலயிலயும் கடையில கண்டேனே!" உம்மா எழும்பி முந்தானையைத் தலைக்கு இழுத்தார். "ஆம்புள ஒருத்தன் கழுவுறதா? நான் உசிரோட ஈக்க?"

என் உம்மாதான் ஊரில் இறந்துபோகிற பெண்களின் மய்யித்துகளைக் கழுவுகிறவர். அவருடைய காதில் 'கழுவுதல்' என்று விழுந்தால் அதற்கு ஒரே கருத்துத்தான். நான் நிறுத்துவதற்குள் பஞ்சும் கற்பூரமும் இருக்கிற பையைத் தேடி அலுமாரியைத் திறந்துவிட்டார். "றிஷ்னா மவுத்தாகல்ல உம்மா! ரோல், ரோல் கழுவுறது!" என்று நான் கத்தியபோது பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

விஷயத்தைச் சொன்னேன். உம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அதுவும் இதுவும் ஒண்டுதான். உள்ளுக்க ஈக்கிறது ஒரு பொம்புள. பொம்புளயப் பொம்புளதான் கழுவோணும். கழுவுறவ கண்டத வெளிய விடப்படாது. முப்பது வருசமாக் கழுவுறன், ஒருத்திட ஒடம்புல கண்ட தழும்பக்கூட நான் வாய் தொறந்து சொன்னதில்ல. நீ ஒரு பிள்ளட சிரிப்பக் கொண்டுபோய்க் கடக்காரன்ட கையில குடுத்துட்டு வந்தாய்."

ஊரார் ஏசியதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. இது உறைத்தது. கொஞ்ச நேரம் கிணற்றடியில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

அன்றைக்கே முடிவெடுத்தேன், நானே கழுவுவது என்று. கலர் ரோல் வீட்டில் கழுவக் கொஞ்சம் சிக்கல். கறுப்பு வெள்ளை என்றால் இரண்டு மருந்துத் தண்ணீரும் மூடியுள்ள ஒரு டாங்கியும் போதும். கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பித்தேன். நஃபீஸாவுக்குப் போனில் சொன்னதும், "கறுப்பு வெள்ளயா? கல்யாண வீடா, மய்யித்து வீடா?" என்று கத்தினார். "கலர் வேணுமெண்டா ஜவ்பர் நானா உங்கட மகளப் பாப்பார், சரியா?" என்றேன். போனை வைத்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

ரோலை டாங்கிக்குள் சுற்றும்போது துளி வெளிச்சமும் படக்கூடாது. எங்கள் வீட்டில் இருட்டறை ஏது? அலுமாரியின் கீழ்த்தட்டைக் கழற்றி உள்ளே குந்தி, கதவைச் சாத்தச் சொல்லி, உம்மாவின் இரண்டு கறுப்பு அபாயாக்களைக் கைக்கும் மடிக்கும் மேல் போட்டுக்கொண்டு தடவித் தடவிச் சுற்றினேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பழகுவதற்காக முதல் ரோலில் உப்பு வாய்க்காலையும் கழுதைகளையும் முப்பத்தாறு தரம் எடுத்திருந்தேன். கழுவிப் பார்த்தால் வெறும் கண்ணாடி மாதிரி ஒன்றுமே இல்லை. ரோலின் நாக்கு சுற்றும் உருளையில் சரியாகக் கொளுவவில்லை. நான் அமத்த அமத்த அது இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. சுற்றும்போது இடப்பக்கக் குமிழும் சேர்ந்து திரும்புகிறதா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என்னை நானே வாய்க்கு வந்தபடி ஏசினேன். இரண்டாவது ரோலில் கழுதைகள் வந்தன.

அடுத்த வியாழன் பகல், ஷஸ்னா திரீவீலரில் வந்து இறங்கினாள். ஏழு மாதத்தில் பாதியாகியிருந்தாள். ஸலாம் சொன்னேன். பதில் உதட்டோடு நின்றது. உம்மா தேத்தண்ணி வைத்தார். கையாலும் தொடவில்லை.

"என்னப் படம் எடு," என்றாள். "கழுவு. என்ட கையில தா. பொறகு சொல்லுறன் ஓமா இல்லயா எண்டு."

கதவைப் பூட்டினேன். யன்னலுக்குப் பக்கத்தில் இருத்தினேன். முக்காட்டைக் கழற்றினாள், கல்யாணத்தன்று போட்டிருந்த அதே கொண்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். குமிழ் திரும்புகிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் லென்ஸை முறைத்தாள். கமராவை இல்லை, என்னை. சிரி என்று சொல்கிற துணிவு எனக்கு இல்லை. இருபத்தொன்பதாவது படத்துக்கு முள் நடுவில் வந்த நேரம், குசினிக்குள் புகுந்த கோழியை உம்மா, "போடி, ஒனக்கும் படம் புடிக்கோணுமா?" என்று ஏசினார். ஷஸ்னா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். அமத்திவிட்டேன். உடனே முகம் பழையபடி பூட்டிக்கொண்டது. மிச்சம் ஏழும் முறைப்புத்தான்.

நான் அலுமாரிக்குள் இருந்து டாங்கியோடு வரும் வரைக்கும் அலுமாரிக் கதவுக்கு வெளியிலேயே நின்றாள். குளியலறையில் மருந்தை ஊற்றியபோதும், நிமிடம் பார்த்துக் குலுக்கியபோதும், பச்சைத் தண்ணீரில் அலசியபோதும் பக்கத்திலேயே நின்றாள். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். காய இரண்டு மணித்தியாலம். அவ்வளவு நேரமும் கதிரையில் இருந்து அந்த ரோலையே காவல் காத்தாள்.

காய்ந்ததும் கையில் கொடுத்தேன். யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெகட்டிவ் என்பதால் முடி வெள்ளையாக, முகம் கறுப்பாக, வரிசையாக அவள். இருபத்தொன்பதாவதில் கை நின்றது. நானும் பார்த்தேன். ஐந்து வருடத்தில் நான் எடுத்த எல்லாப் படத்திலும் அதுதான் நல்ல படம்.

"இதுக்கு வேற கொப்பி ஈக்கா?"

"இல்ல."

"ஒன்ட போனத் தா." கொடுத்தேன். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாள். "கமராவத் தொற." திறந்தேன். வெறும் உள்ளுக்குள் விரலை விட்டு மூலை மூலையாகத் தடவினாள்.

பிறகு குசினிக்குப் போய் காஸ் அடுப்பை மூட்டினாள். என்ன செய்யப் போகிறாள் என்று விளங்கியதும் என் வாயில், "அந்த ஒண்ட மட்டுமாவது..." என்று வந்தது.

திரும்பிப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து விலகி நின்றேன்.

ரோல் சுருண்டு, உருகி, கெட்ட நாற்றத்தோடு எரிந்தது. முதலில் முறைப்புகள், பிறகு அந்தச் சிரிப்பு, பிறகு மிச்சம் ஏழும். உம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. கடைசித் துண்டும் போன பிறகு அடுப்பை நூர்த்தாள். சாம்பலில் விரல் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இப்ப அழிஞ்சிட்டு," என்றாள்.

ஏழு மாதத்துக்கு முன் போனில் நான் சொன்ன அதே சொல். எனக்குக் கண் கலங்கியது. அவள் கண் காய்ந்துதான் இருந்தது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவள் திரும்பினாள்.

"சாச்சிக்கிட்ட ஓம் எண்டு சொல்லுறன். ஒன்ன மன்னிச்சிட்டன் எண்டு நெனச்சிக்காத."

"இல்ல," என்றேன்.

"கல்யாணத்தண்டு நானும் வருவன். என்ன மட்டும் எடுத்திடாத."

சரி என்றேன். திரீவீலர் திரும்பிப் போகும் வரைக்கும் வாசலிலேயே நின்றேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.