ஞானதாஸ் கடைத்தெரு வழியாகப் போனான்

…அப்படியென்றால் இந்த வண்டி இனிமேல் என் வண்டிதான், என்று ஞானதாஸ் மறுபடியும் சொல்லிப் பார்த்தான், உத்திரமேரூர் கோர்ட் வாசலிலிருந்து தன் குட்டியானை லோடு வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் எட்டுத் தடவை சொல்லியாயிற்று, எட்டுத் தடவையும் இனித்தது… வட்டி தள்ளுபடி, அபராத வட்டி தள்ளுபடி, அசலை மட்டும் இருபத்துநாலு தவணையாகக் கட்டினால் போதும், மக்கள் நீதிமன்றத்தில் நீதிபதி எதிரிலேயே ஃபைனான்ஸ்காரன் கையெழுத்துப் போட்டான், முகம்தான் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்! போன மாதம் திவால் என்று மஞ்சள் கடுதாசி கொடுத்தே தீருவேன், மொத்தக் கடனையும் ஒரேயடியாகத் தலைமுழுகிவிடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றது யார், இதே ஞானதாஸ்தானே? இலவச சட்ட உதவிக்கு வந்த இந்து என்கிற வக்கீலம்மாதான், “குடுக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு, அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. ஆனா வண்டி கையை விட்டுப் போயிடுமே, அப்புறம் எதை வெச்சுப் பொழைப்பீங்க? முதல்ல பேசித் தீர்த்துக்கப் பார்க்கலாம்” என்றாள், அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்… அட, வண்டி ஏன் ஏரிக்கரைப் பக்கம் திரும்புகிறது? மூன்று வருடமாகக் கடன்காரர் கண்ணில் படாமல் சுற்றிப் போன வழி, கை தானாகத் திருப்பிவிட்டது, ஞானதாஸ் வாய்விட்டுச் சிரித்தான், பின்னால் எடுத்துக் கடைத்தெருவுக்குள்ளேயே விட்டான், ஆளில்லாத இடத்திலும் ஹார்ன் அடித்தான்.

பஞ்சர் கடை டேனியல் எழுந்தே நின்றுவிட்டான். “இன்னா மச்சான், வண்டிய தூக்கிக்கினு பூட்டானுங்கன்னு சொன்னாங்கோ?” “எவன் தூக்குவான்? கோர்ட்டே சொல்லிட்ச்சி, என் வண்டி!” தூக்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தானே திருமுக்கூடலில் வைக்கோல்போருக்குள் நாலு மாதம் ஒளித்து வைத்தான், ஃபைனான்ஸ்காரன் கண்ணில் படவில்லை, எலி கண்ணில் பட்டது, ஒயரை முழுக்கத் தின்று தீர்த்தது, அதற்கு ஒரு கைமாற்று… இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது, வீட்டில் மனைவி பாக்கியமேரியிடம் சொன்னால் அவளும் சிரிப்பாள், முதலில் அழுதுவிட்டுத்தான் சிரிப்பாள், கறி எடுத்துக்கொண்டு போகலாமா, அரைக் கிலோ, கடனுக்கு இல்லை, ரொக்கத்துக்கு… போன் அடித்தது. தெரியாத எண். கட்டைவிரல் வழக்கம்போல அதை வெட்டப் போயிற்று, ஏன் வெட்ட வேண்டும், இனி எவனுக்குப் பயம்? ஓரம் கட்டி எடுத்தான். “ஞானதாசா? நான் தென்னேரி சொக்கம்மா பேசறேன், இது என் மருமக போனு. நாளைக்கி நெல்லு மூட்ட ஏத்தணும், வர்றியா? போன வருசமும் அடிச்சேன், அதுக்கு முந்தியும் அடிச்சேன், நீ எடுக்கவே இல்ல, வேற வண்டிய வெச்சிக்கினோம். பேஜாரா பூட்ச்சி.” வரேம்மா, விடியறதுக்குள்ள வரேன் என்றான், கோர்ட்டுக்குப் போன நாளிலேயே லோடு! போனை வைக்கப் போனவன் வைக்கவில்லை, பழைய அழைப்புகளைக் கீழே தள்ளிப் பார்த்தான், எல்லாம் சிவப்பு, எல்லாம் தெரியாத எண், எல்லாம் கடன்காரன் என்றே நினைத்திருந்தான், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது… இதில் எத்தனை நெல்லு மூட்டை, எத்தனை செங்கல் லோடு, எத்தனை கல்யாணச் சாமான்? அப்படியென்றால் அவனை மஞ்சள் கடுதாசி வரைக்கும் கொண்டுபோனது ஃபைனான்ஸ்காரன் மட்டும்தானா?