வெர்லினுக்கு ஒரு கன்று

என் தம்பி வெர்லின் சினிமாவில் குதிரைமேல் உட்கார்ந்து பாட்டுப் பாடிப் பேர் வாங்கியவன். போஸ்டரில் அவன் பெயர் டஸ்டி காலவே. நெப்ராஸ்காவின் இந்த மணல்மேடுகளில் அந்தப் பெயரெல்லாம் செல்லாது, எங்களுக்கு அவன் வெர்லின்தான். பல வருஷம் எட்டிப் பார்க்காதவன், வேறு நாளே கிடைக்காத மாதிரி, கன்றுகளுக்குப் பண்ணை அடையாளச் சூடு போடும் நாளாகப் பார்த்து வந்து இறங்கினான்.

தற்செயலாவது மண்ணாவது. கார் கதவைச் சாத்தும் முன்பே என்னிடம் கேட்டுவிட்டான்.

"இந்த வருஷமாவது அப்பா என்னைக் கூப்பிடுவாராக்கா?"

சூடு போடும் நாளில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் கூலி வாங்காமல் வந்து நிற்பார்கள். குதிரைமேல் இருந்தபடி கயிறு வீசி, கன்றின் பின்னங்காலில் சுருக்குப் போட்டு, நெருப்புப் பக்கம் இழுத்து வருவதுதான் மரியாதையான வேலை. மற்றவர்கள் கீழே சாணியில் புரண்டு கன்றை அமுக்கிப் பிடிக்க வேண்டும். கயிறு யாருக்கு என்று பண்ணைக்காரர்தான் சொல்வார். தானாகப் போய்க் கேட்டால் மானம் போச்சு. அப்பா எங்கெங்கோ இருந்து வந்த பயல்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார், வெர்லினை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அந்த வருத்தத்திலேயே அவன் ஊரைவிட்டுப் போனான்.

அன்று காலை பாதி ஊர் எங்கள் வேலிமேல் உட்கார்ந்திருந்தது. அப்பா பக்கத்துப் பண்ணை ஃபிளாய்டைப் பார்த்து மோவாயை ஆட்டினார்.

"நீ ஒரு கயிறு. உன் மச்சான் ஒரு கயிறு." அப்புறம் வெர்லின் பக்கம் திரும்பினார். "நீ கீழ பிடி."

ஃபிளாய்டுக்கே சங்கடமாகிவிட்டது.

"வெர்லின், அந்தக் குஞ்சம் வச்ச சட்டையக் கழட்டிடுப்பா. கன்னுக்குட்டி மேஞ்சிடப் போகுது."

"மேயட்டும். ஸ்டுடியோக்காரன் வேற தச்சுக் குடுப்பான்" என்று வெர்லின் சிரித்துக்கொண்டே மண்டியிட்டான். மத்தியானம் வரைக்கும் உதை வாங்கினான். சட்டை இருந்த கோலத்தைச் சொல்லி மாளாது.

எல்லாருக்கும் மாட்டுக்கறியும் பீன்ஸும் பரிமாறிவிட்டு, தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் நேராகப் போனேன்.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? ஊரே அவனப் பாக்க வந்திருக்கு. பெத்த பிள்ளைய சாணியில புரள விட்டுட்டு நிக்கிறீங்களே."

"கத்தாத லவீனா. குதிரைமேல இருக்கறவன் இடது கையால வீசுறான். நம்ம பய வலது கைக்காரன்."

"எந்தக் குதிரைமேல?"

"சினிமாவுல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷர் தியேட்டர் வாசலையே மிதித்ததில்லை என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு ஆணி வாங்கப் போகிறேன், மாட்டுக்கு உப்பு வாங்கப் போகிறேன் என்று டவுனுக்குப் போனதெல்லாம் இதற்குத்தான் போலிருக்கிறது.

"எல்லாப் படமும் பாத்தீங்களா?"

"வந்ததெல்லாம் பாத்தேன். கயிறு வீசுறது வேற ஆளு. இவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கயிறு வராது. நான் கூப்பிட்டு, இவன் எல்லார் முன்னாடியும் கோட்டை விட்டிருந்தா, சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிச்சிருப்பானுங்க. அன்னைக்கும் அதான் கூப்பிடல. இன்னைக்கும் அதான்."

"இத அவன்கிட்டயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது?" என்றார். கழுவிய கையையே மறுபடி கழுவினார்.

சாயங்காலம் டவுனில் வெர்லினுக்கு வரவேற்பு. கூட்டம் முன்னாடியே கிளம்பிப் போய்விட்டது. பட்டியில் ஒரே ஒரு கன்று சூடுபடாமல் நின்றது. அப்பா எதையும் மறக்கிற ஆள் இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேறு யாரையும் தொட விடாத தன் குதிரையை அவரே பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏறு" என்றார் வெர்லினிடம்.

வெர்லின் முகம் வெளிறிவிட்டது. "அப்பா, படத்துல வர்றது நான் இல்ல. எனக்கு இது..."

"தெரியும். இங்க யாரும் இல்ல. ஏறு."

ஏறினான். வீசினான். கயிறு மண்ணில் விழுந்தது. மறுபடி வீசினான், மறுபடியும் மண்ணில்தான். அப்பா குனிந்து கயிற்றை எடுத்து, சுற்றி, அவன் கையில் கொடுத்தார். திரும்பத் திரும்பக் கொடுத்தார்.

"என் படமெல்லாம் பாத்தீங்களாப்பா?"

"அது நீ இல்லன்னு தெரிஞ்சப்புறம், குதிரை ஓடுறப்போ கண்ண மூடிக்குவேன். பாட்டு வந்தா தொறப்பேன். பாட்டு நீதான?"

"நான்தாம்பா."

"அப்ப சரி. மணிக்கட்டத் தளர்த்தி வீசு."

அதுவும் தவறியது. அதற்குள் ஃபிளாய்டு பிக்கப் வண்டியைப் புழுதி பறக்க ஓட்டிக்கொண்டு வந்து, ஊரே காத்துக்கொண்டிருக்கிறது, மேயர் பூங்கொத்தோடு நிற்கிறார் என்று பதறினான். நான் அவனை வேலிக்கு வெளியிலேயே மறித்தேன்.

"இப்ப வர முடியாதுன்னு போய்ச் சொல்லு" என்றேன். "அப்பா அவனக் கயிறு வீசக் கூப்பிட்டிருக்காரு."