ஏழாம் மாடித் திரை

என் திரைச்சீலைக் கடைக்கு நேர் எதிரே இருபது மாடிக் கண்ணாடிக் கட்டடம். ஊரே அண்ணாந்து பார்க்கும் தலைமை அலுவலகம். அதை வரைந்த மகராசன் ஒரு சட்டம் போட்டிருந்தான்: ஜன்னல் திரைகள் முழுக்க மேலே, சரிபாதி, முழுக்கக் கீழே, இந்த மூன்றில்தான் நிற்கும். ஆளுக்கொரு உயரத்தில் தொங்கினால் தெருவிலிருந்து பார்க்க அழகு கெட்டுவிடுமாம்.

ஏழாம் மாடியில் என் மனைவிக்கு வேலை. அவள் ஜன்னல் திரை பாதிக்கு வந்தால், மதியம் என்னோடு சாப்பிட இறங்கி வருகிறாள் என்று சேதி.

ஒரு சண்டையில் "மன்னிப்புக் கேளுங்க" என்றாள். விலை பேசியே வளர்ந்த வாய் சும்மா இருக்குமா? "ஆளுக்குப் பாதி கேட்டுக்கலாம்" என்றேன். அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு மாதமாகத் திரை முழுக்கக் கீழேயே கிடக்கிறது. ஒரு நாளாவது பாதிக்கு ஏறாதா என்று பார்த்துப் பார்த்தே, நீலம் கேட்டவருக்குப் பச்சையை வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

சென்ற வாரம் கட்டட மேனேஜர் வந்தார். "எல்லாத் திரையையும் மாத்தணும். ஒரு பட்டனைத் தட்டினா மொத்தமும் சேர்ந்து ஏறி இறங்கணும்."

என் கடை கண்டதிலேயே பெரிய ஆர்டர். ஆனால் அப்புறம் அவள் திரை மட்டும் தனியாகப் பாதிக்கு வராதே! "எதுக்கு சார்? பழசே கல்லு மாதிரி இருக்கே!"

"யோவ், நீ வியாபாரிதானே?"

நான் மறுத்தால் பக்கத்துக் கடைக்காரன் ஏறுவான். டேப்பை எடுத்துக்கொண்டு அவரோடு ஏழாம் மாடிக்குப் போனேன். அந்த ஜன்னலோரம் பழைய காகிதம் நிரம்பிய அட்டைப்பெட்டிகள்தான் அடுக்கியிருந்தன.

"இங்க பெட்டி வச்சு ஏழு மாசம் ஆச்சே. உன் வீட்டம்மா இப்ப பின்பக்கம்" என்றார் மேனேஜர்.

ஏழு மாதம் பழைய காகிதத்துக்காக ஏங்கியிருக்கிறேன்!

சுவரே இல்லாத தளம். நாற்பது மேசைக்கு அப்பால், கண்ணாடியோரம் அவள். நடந்தேன்.

"என்ன, இந்தப் பக்கம்?"

"ஜன்னல் அளக்க."

"அளங்க."

"தப்பு என்னோடதும்மா. முழுசும்."

சுற்றிலும் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"மெதுவா பேசுங்க. எல்லாருக்கும் கேக்குது."

"கேக்கட்டும்."

அவள் எழுந்து வந்து, டேப்பின் மறுமுனையைக் கீழ்ச்சட்டத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு?"

ஏழடி நாலங்குலம். சொன்னால் விட்டுவிடுவாள். கண் மங்கியவன் போல எண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.