வியாழக்கிழமை ஒத்திகை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு எங்க அத்தான் கஸ்பார் கப்பலிலிருந்து கடலில் விழுந்தார். கடலில் விழுந்த ஆளைத் தூக்கும் ஒத்திகை எங்கள் கப்பலில் வியாழக்கிழமைதான். அதனால் அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நான் மிதவையைக் கழற்றப் போனேன். சேஃப்டி ஆபீசர் வைகுந்தன் என் கையைப் பிடித்தார்.

"சீல் வெச்சிருக்கு. உடைச்சா யாரு பதில் சொல்றது?"

"ஆளு தண்ணியில கிடக்காரு சார்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன மண்ணாங்கட்டி. ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். கப்பல் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அத்தானோ சரியாக எனக்குக் கீழேயே மிதந்துகொண்டிருந்தார்.

"என்னத்தான், குளிருதா?"

"பரவால்ல மாப்ளே. ஒங்கக்காகிட்ட ஒண்ணும் சொல்லிராத."

புதன்கிழமை ஒரு வாளியில் நாலு சப்பாத்தி வைத்து இறக்கினேன். வைகுந்தன் ஓடி வந்தார். நல்ல வேளை, மனசு மாறிவிட்டார் என்று நினைத்தேன். வாளிக்குள் ஒரு ஹெல்மெட்டைப் போட்டார். வெளியே இருக்கிற எவரும் ஹெல்மெட் இல்லாமல் இருக்கக் கூடாதாம். அத்தான் மரியாதையாக வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார்.

வியாழன் வந்தது. சைரன் அடித்தது. எல்லோரும் வரிசையில் நின்றோம். வைகுந்தன் ஒத்திகைப் பொம்மையைக் கடலில் தள்ளினார். ஆரஞ்சு சட்டை போட்ட ஆள் உயரப் பொம்மை. அது அத்தானுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. படகு இறங்கியது. பொம்மைக்குக் கை எட்டவில்லை. அத்தான்தான் அதைப் படகுப் பக்கம் தள்ளிக் கொடுத்தார். பொம்மையைத் தூக்கிக்கொண்டு படகு மேலே வந்தது. நாலு நிமிஷம் பத்து விநாடி. எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கங்கெட்ட நானும் தட்டினேன்.

"சார், அவரு பக்கத்துலதானே இருந்தாரு?"

"ஒரு ஒத்திகைக்கு ஒரு பொம்மை. அதான் விதி."

"அப்ப எங்க அத்தானைப் பொம்மைன்னு எழுதிக்கோங்க."

அந்த ஆள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். உடனே ஒரு படிவத்தை எடுத்தார்.

"பேசுமா?"

"பேசாது சார்."

கீழே குனிந்து கத்தினேன். "அத்தான், இனிமே பேசாதீக!"

சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார்.

மூன்று நிமிஷம் ஐம்பது விநாடியில் தூக்கிவிட்டார்கள். துடைத்து, சீட்டு ஒட்டி, அலமாரியில் உட்கார வைத்தார்கள். வேலைக்கு ஓர் ஆள் குறைந்தது. அத்தானின் படுக்கையையும் பூட்ஸையும் பழைய பொம்மைக்குக் கொடுத்தார்கள். அதன் வேலையைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. வாராவாரம் வியாழக்கிழமை அத்தானைத் தள்ளினார்கள், தூக்கினார்கள்.

ஒப்பந்தம் முடிந்து இறங்குகிற நாள் அலமாரியைத் திறந்தேன். அத்தான் முழங்காலைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"கூட்டிட்டுப் போறேன் சார்."

"பொம்மை கப்பலோட சொத்து. இதுக்குப் பதிலா வர்ற வியாழன் நீ விழுறியா?"

விழுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நாய்ப்பய, நான் சொல்லவில்லை. அலமாரியை நானே சாத்தினேன்.

அத்தான் பெயரில் பழைய பொம்மையைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். துறைமுகத்தில் அத்தானின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், பொம்மையின் முகத்தைப் பார்த்தார்கள், முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

தூத்துக்குடியில் ரோசரி அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். பொம்மையின் கன்னத்தைத் தடவினாள். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, இது அத்தான் இல்லக்கா. அத்தானை நான் கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

அவள் கீழே உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள்.

"போன தடவை வந்தப்பவும் இப்படித்தாம்ல இருந்தாக. பேச மாட்டாக, திங்க மாட்டாக, செவுத்தையே பாத்துட்டு இருப்பாக. பத்து நாள்ல சரியாயிரும்" என்றாள்.

பிறகு, அவர் குளிக்க வெந்நீர் போடப் போனாள்.