வெட்டப்பட்ட பதினொரு விநாடிகள்

மார்ச் பதினொன்றாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு, மாவட்ட நீதிமன்றத்தின் மூன்றாம் அறையில், கிடங்குத் திருட்டு வழக்கில் முன்பே தாக்கல் செய்யப்பட்டிருந்த ஓர் ஒலிப்பதிவு விசாரணைக்கு வந்தது.

அதில் பேசியவர் கிடங்கின் வாட்ச்மேன். "உன் தம்பி அன்னைக்கு உள்ளயே வரலை. முதலாளி சொல்லித்தான் அவன் பேரைச் சொன்னேன்." இதைச் சொன்ன மூன்றாம் வாரம் மாரடைப்பில் போய்விட்டார். செல்போனில் பதிந்தவள் குற்றம் சாட்டப்பட்டவனின் அக்கா, தையல்காரி. தம்பிக்கு இதைத் தவிர வேறு பிடி இல்லை.

அரசு வக்கீல் எழுந்தார். "நடுவுல வெட்டியிருக்கு. ஆய்வக அறிக்கை இருக்கு. பதினொரு விநாடி காணோம்."

தம்பியின் வக்கீல் பத்து நிமிடம் அவகாசம் வாங்கிக்கொண்டு அக்காவை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"முதலாளியைக் கெட்ட வார்த்தையில திட்டினார் சார். அந்த மனுஷன் வாயைத் திறந்தாலே அப்படித்தான். ஜட்ஜ் பெரியவர், அவர் காதுல போய் விழலாமான்னு அதை மட்டும் எடுத்துட்டேன். துணியில பிசிர் வெட்டுற மாதிரிதான்."

"ஜட்ஜ் கேக்காத கெட்ட வார்த்தையா? கொலைகாரனெல்லாம் அவர் முன்னாடி தாலாட்டா பாடுறான்? சரி, முழுசா இருந்தது எங்க?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன். ரெண்டு இருந்தா உங்களுக்குக் குழப்பமாயிடும்னு..."

வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் கூண்டுல ஏறிச் சொல்றேன் சார். அந்த வார்த்தையையும் சொல்றேன். வெக்கப்பட மாட்டேன்."

"நீங்க அவன் அக்கா. வெட்டினதும் நீங்க. அந்த இடத்துல, 'நான் சொல்றது பொய்'னு வாட்ச்மேன் சொல்லியிருப்பார்னு அவங்க வாதாடுவாங்க. இல்லைன்னு காட்ட நம்மகிட்ட என்ன இருக்கு?"

வராந்தாவின் கடைசி பெஞ்சில் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, சிக்கலா?"

"ஒண்ணுமில்லடா. சார் பேசிட்டிருக்கார்."

உள்ளே வக்கீல் அரை மணி நேரம் வாதாடினார். அக்காவும் கூண்டில் ஏறி அந்த வார்த்தையைச் சொன்னாள். தட்டச்சர் அதை அப்படியே அடித்துக்கொண்டார்.

"இதுல இருக்கிறது உண்மையாவே இருக்கலாம்மா," என்றார் நீதிபதி. "இல்லாததுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதே."

ஒலிப்பதிவு சான்றாக ஏற்கப்படவில்லை. ஏப்ரல் இரண்டாம் தேதி தம்பிக்கு நான்கு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.