ஒன்பது மணிக்குள் ஐந்து படி

“பிடியுங்கோ! பலகை சறுக்குது, பிடியுங்கோ!”

அன்ரோனெற் கத்தி முடிப்பதற்குள் வீல்செயார் இரண்டடி பின்னால் வந்துவிட்டது. சக்கரங்களை இரண்டு கைகளாலும் இறுக்கினாள். உள்ளங்கை தீயாய் எரிந்தது. சாய்த்து வைத்திருந்த பலகையின் மேல் நுனி, அரசாங்கக் கந்தோர் வாசலின் மினுங்கும் தரையோட்டில் வழுக்கி, ஐந்தாம் படியிலிருந்து நாலாம் படிக்குத் தடாலென்று இறங்கியது. பின்னால் நின்ற தில்லைநாதன் கதிரையை நெஞ்சால் தாங்கியிராவிட்டால் அவள் தார் ரோட்டில் மல்லாந்திருப்பாள்.

“நான் புடிச்சிருக்கேன் தங்கச்சி, வுட மாட்டேன்,” என்றார் அவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கட்டுக்கரைப் பக்கத்திலிருந்து விடிய முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். மலையகத்தை விட்டு வந்து முப்பது வருடமாகியும் பேச்சு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. “ஆனா ஒன்னு. நீ நல்லா குண்டாயிட்ட.”

“உங்கட கண்ணுக்கு அப்பிடித்தான் தெரியும் அண்ணை.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்குள்ளே மணிக்கூடு எட்டு பதினேழு காட்டியது.

மடியில் நியமனக் கடிதம். எழுதுவினைஞர் வேலை. பன்னிரண்டு வயதில் ஷெல் துண்டொன்று முதுகெலும்பில் ஏறியதிலிருந்து பதினாறு வருடமாக, தோட்டவெளி வீட்டுக் கட்டிலிலும் இந்தக் கதிரையிலும் இருந்து படித்து வாங்கிய வேலை. கடமையேற்கக் கடைசி நாள் இன்று. ஒன்பது அடித்ததும் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழும். அதற்கு மேலே அவள் கையெழுத்து இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. போன திங்களும் வந்து படிக்குக் கீழே பின்னேரம் வரை இருந்தாள். ‘சமுகமளிக்கவில்லை’ என்று எழுதிவிட்டார்கள்.

“ஏன் பிள்ளை இந்தப் பாடு?” வாசல் காவலாளி இறங்கி வந்தார். “நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுறம்.”

“நேர்முகப் பரீட்சைக்கும் தூக்கினவைதான், பெருநாள் மாதா சொரூபம் மாதிரி. ஆர் எங்க பிடிச்சவை எண்டு எனக்குத்தான் தெரியும். சரி, இண்டைக்குத் தூக்குவியள். மத்தியானம் ஒரு பிளேன்ரீ குடிக்க இறங்கவேணுமெண்டால் மணி அடிச்சு நாலு பேரைக் கூப்பிடுறதோ?”

காவலாளி திரும்பிப் படியேறினார்.

அவளுடைய மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கு இது புதுச் சண்டை இல்லை. வீல்செயாரைக் கண்டதும் வேகமெடுத்த பஸ்ஸை மறித்து, அதன் முன்னால் வரிசையாகக் கிடந்தவர்கள் அவர்கள். அனுப்பிய மனுக்களுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே பதிலை வருடக் கணக்காக வாங்கியவர்கள். அரைகுறையாக நின்ற இந்தக் கட்டடத்தில் மறுபடி வேலை தொடங்கியபோதே, மாதத்தின் முதல் திங்கள் தவறாமல் இதன் வாசலில் குந்தத் தொடங்கினார்கள். இரண்டு வருடம்.

“வெறுமனே கத்தாதேங்கோ. தகவல் அறியும் சட்டத்தில வரைபடத்தைக் கேளுங்கோ,” என்று சொன்னவர் சங்கத் தலைவர் கிறிஸ்ரி. கட்டாரில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஊர் திரும்பியவர். அதற்கு முந்திய கதையை அவர் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. மூன்று வருடத்துக்கு முன் தோட்டவெளிக்கு வந்து, கட்டிலில் சுருண்டு கிடந்தவளிடம், “படிச்சது காணும், வெளியில வா பிள்ளை,” என்று சொல்லிச் சங்கத்துக்கு இழுத்து வந்தவரும் அவர்தான்.

வரைபடம் வந்தது. அதில் இடப்பக்கம் வடிவான ஒரு சாய்தளம். கட்டடத்திலோ ஐந்து படி மட்டும். அன்றிலிருந்து கோஷம் ஒன்றுதான். தில்லைநாதன் எடுத்துக் கொடுப்பார்: “படத்தில் இருந்த சாய்தளம் எங்கே?” இருபது குரல் திருப்பிக் கொடுக்கும்: “தின்றவன் எவன்? தின்றவன் எவன்?”

கிறிஸ்ரி மட்டும் கத்துவதில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பெருக்கமரத்தடியில் தன் வீல்செயாரில், சுலோக மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி இருப்பார். “தலைவர் கத்தப்படாது, கத்த வைக்க வேணும்,” என்பார் கேட்டால். இன்றும் அங்கேதான் இருந்தார்.

“அக்கா, கீழ மண்மூட்டை வைச்சாச்சு. இன்னொருக்காப் பாப்பம்!” என்றான் நிதர்சன். கீரிக் கடலில் சங்கு குளித்தவன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்ததில் கால்கள் பாதி மரத்துப்போய், இப்போது ஊன்றுகோல். வள்ளப் பலகைகளையும் விட்டம் போன்ற இரண்டு பனைமரத் தீராந்திகளையும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தவன் அவன்தான்.

தீராந்திகளைச் சாய்த்து, மேலே பலகை பரப்பி, ஊன்றுகோலால் ஒரு தட்டுத் தட்டினான். நுனி மறுபடியும் வழுக்கியது.

“ஆணி அடிப்பமோ?” அன்ரோனெற் கேட்டாள்.

“ஓடு வெடிக்கும். ஆணி நிக்காது.”

எட்டு முப்பத்தாறு.

கதவு திறந்தது. நிர்வாக உத்தியோகத்தர் பிரேமினி மிஸ், வரவுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். முகம் வாடியிருந்தது. “அன்ரோனெற், புத்தகத்தைக் கீழ கொண்டுவரக் கூடாதெண்டு கந்தோர்ப் பெரியவர் சொல்லிப்போட்டார். ஒன்பதுக்குக் கோடு போடத்தான் வேணும். என்னைக் கோவிக்காதையும்.”

“கீழ கொண்டுவர வேண்டாம் மிஸ். நான் மேல வாறன்.”

சொல்லிவிட்டாள். எப்படி வருவது? அழுதால் எல்லாம் முடிந்தது என்று உதட்டைக் கடித்தாள். அப்போதுதான் பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கிறிஸ்ரி ரோட்டைக் கடந்து வந்திருந்தார்.

“தீராந்தியை இடப்பக்கம் திருப்புங்கோ. நிதர்சன், சுத்தியலை எடு. படிக்கு மேல இருக்கிற தளத்தின்ர பக்கச் சுவர். மூலையில இருந்து ஒரு சாண், மேல இருந்து நாலு விரல். அடி.”

“அரசாங்கச் சொத்து!” காவலாளி பாய்ந்து வந்தார். “பொலிசுக்கு போன் அடிப்பன்!”

“அடியும். உடைச்சது கிறிஸ்ரி எண்டு சொல்லும். அடியடா!”

ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் பூச்சுத் தட்டையாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே, சுவரோடு ஒட்டி மடங்கியபடி, துருப்பிடித்த இரும்புக் கம்பி.

“அதில இருந்து நாலு சாண் தள்ளி அடி.”

அங்கேயும் ஒரு கம்பி, அதேபோல் மடங்கி. அளவு விரற்கடை கூடப் பிசகவில்லை. அன்ரோனெற்றுக்கு ஒரு கேள்வி வாய்வரை வந்தது. மணிக்கூடு எட்டு நாற்பத்தைந்து காட்டியது. கேள்வியை விழுங்கினாள்.

இரும்புத் தண்ணீர்க் குழாயொன்றை நெம்புகோலாகக் கம்பியில் கொழுவி, நிதர்சனும் தில்லைநாதனும் தொங்காத குறையாக இழுத்தார்கள். முனகிக்கொண்டு நிமிர்ந்தது. மற்றதும் நிமிர்ந்தது. தீராந்தி நுனிகளைத் தளத்தில் ஏற்றி, கம்பியோடு சேர்த்து வள்ளக் கயிற்றால் நிதர்சன் வரிந்து கட்டி, மேலே பலகைகளைப் பரப்பினான். “நங்கூர முடிச்சு அக்கா. கச்சான் காத்தே அவிழ்க்காது.”

எட்டு ஐம்பத்திரண்டு. அவள் சக்கரத்தை உருட்டினாள்.

“முன்னுக்குக் குனி பிள்ளை! நிண்டு நிண்டு தள்ளாத, ஒரே மூச்சு!” கீழேயிருந்து கிறிஸ்ரியின் குரல் விரட்டியது. பலகை நெளிந்தது, கயிறு கிறீச்சிட்டது, நுனி அசையவில்லை. பாதி தூரத்தில் அவளுடைய தோள்கள் நடுங்கத் தொடங்கின. பின்னால் தில்லைநாதன் இரண்டு கைகளையும் விரித்தபடி காலால் தடவித் தடவி ஏறி வந்தார்.

“தொட மாட்டேன் தங்கச்சி. வுழுந்தா மட்டும் புடிப்பேன்.”

தள்ளினாள். இன்னுமொரு தள்ளல். முன் சக்கரம் ஓட்டில் ஏறி ‘டக்’ என்றது.

மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு ஐம்பத்தெட்டு. பிரேமினி மிஸ் சிவப்புப் பேனையை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, நீலப் பேனையை அவளிடம் நீட்டினார். தோல் உரிந்த கையால் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தாள். அதற்குக் கீழேதான் அன்றைய கோடு விழுந்தது.

வெளியே கைதட்டலும் தில்லைநாதனின் கோஷமும். சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் பலகையில் ஏறி வந்து, கண்ணாடிக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். கிறிஸ்ரி மட்டும் கீழேயே இருந்தார். அன்ரோனெற் வாசலுக்கு உருண்டு வந்தாள்.

“ஏறி வாங்கோ அண்ணை! உங்கட கம்பிதானே தாங்கினது!”

அவர் அசையவில்லை. விழுங்கிய கேள்வி இப்போது தானாக வெளியே வந்தது.

“அண்ணை, வரைபடத்தில கம்பி ஒண்டும் காட்டேல்லையே. சுவருக்குள்ள இருக்கெண்டு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. கட்டாருக்குப் போக முந்தி நான் மேசன், பிள்ளை. இந்தப் படி நான் கட்டினது. பின்னுக்குச் சாய்தளம் கட்டேக்க பிணைக்கவெண்டு கம்பியை வெளியில நீட்டி விட்டதும் நான்தான்.”

தில்லைநாதனின் கோஷம் பாதியில் நின்றது.

“அப்ப கட்டடக் கொந்தராத்துக்காரர்தான் வேண்டாமெண்டவரோ?” அன்ரோனெற்றின் குரல் தாழ்ந்தது. “அவர் சொல்லித்தானே மடக்கினனீங்கள்?”

கிறிஸ்ரி தலை குனியவில்லை. நிமிர்ந்து, அவளுடைய கண்ணைப் பார்த்தே சொன்னார்.

“அவர் பாவம், சீமெந்து எல்லாம் இறக்கித் தந்தவர். அண்டைக்குப் பெருநாளுக்கு முதல் நாள், எனக்கு வீட்ட போற அவசரம். அவர் வந்து பாக்க முந்தி வேலையும் நிண்டுபோச்சு. கம்பியை மடக்கிப் பூசச் சொல்லி ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. இதில உருண்டு வர இந்த ஊரில ஆர் இருக்கினம் எண்டு, நானே முடிவெடுத்து, நானே பூசினனான்.”