ஒரே வரியில் பெரியவர்

என் தம்பிக்கு எதையும் தன் கையால் செய்தால்தான் சோறு இறங்கும். நான் வேலை பார்ப்பது வீடில்லாத நாய், பூனைகளைப் பராமரித்து, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற காப்பகத்தில். யார் யார் இருக்கிறார்கள், என்ன வயது, என்ன குணம் என்று டேட்டாபேஸில் ஏற்றுவது என் பொறுப்பு. அதை வெப்சைட்டில் ஒரு டேபிளாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவனிடம் கேட்டேன். அதற்கென்றே ரெடிமேடாக எத்தனையோ புரோகிராம்கள் இருக்கின்றன. இணைத்துவிட்டால் தானே நிரப்பிக்கொள்ளும். எங்கள் வீட்டுத் துரைக்கு அது பிடிக்காது. டேட்டாபேஸ் தருகிற பதிலை ஒவ்வொரு வரியாக எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் தானே கொண்டுபோய் வைப்பானாம். அப்போதுதான் பழைய போனில்கூடப் பக்கம் சட்டென்று திறக்குமாம். சட்டை வேண்டுமென்றால் கடைக்குப் போவாயா, பருத்தி விதைப்பாயா என்று கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எனக்கு அவசரம் இருந்தது. காரணம் பெரியவர். எங்கள் காப்பகத்திலேயே வயதான நாய் அவர். ஒரு கண் மங்கல், பல் பாதி போயிற்று. ஆனாலும் சாப்பாட்டுத் தட்டை வைத்தால் மற்றவர்கள் வரும்வரை காத்திருப்பார். அதனால் நாங்களும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவோம். குளிர் தொடங்கினால் இந்த சிமென்ட் தரையை அவர் மூட்டு தாங்காது, யாராவது வீட்டுக்குள் வைத்துக்கொண்டால்தான் பிழைப்பார் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நானே அள்ளிக்கொண்டு போயிருப்பேன். வாடகை வீடு, நாய் என்றாலே ஓனர் சாவியைத் திருப்பிக் கேட்பார். தம்பிக்கோ நாய் முடி பட்டால் தும்மல் நிற்காது. இங்கே வருகிறவர்கள் குட்டிகளைத் தாண்டி ஓரடி வைப்பதில்லை.

தம்பி வேலையை முடித்து வெப்சைட்டில் ஏற்றிய மறுநாள், ஆபீஸைத் திறக்கும்போதே போன் அடித்தது. பெரியவர் இன்னும் இருக்கிறாரா என்று ஒரு பெண் குரல். வைத்ததும் இன்னொரு போன். அதுவும் பெரியவரைக் கேட்டுத்தான். அடுத்துக் கூப்பிட்டவர், இவ்வளவு பெரிய இடத்தில் பாவம் அவர் மட்டும் தனியாகவா இருக்கிறார் என்று வருத்தப்பட்டபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பக்கத்தைத் திறந்தேன். டேபிளில் ஒரே ஒரு வரி. பெரியவர் மட்டும். மற்ற அத்தனை பேரையும் காணோம்.

தம்பியைப் போனிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஓடிவந்து லேப்டாப்பைத் திறந்தவன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒவ்வொருத்தருக்கும் புதுசா ஒரு வரி செய்யணும்க்கா. நான் ஒரே வரியச் செஞ்சு வெச்சுக்கிட்டு, அதுலயே அழிச்சு அழிச்சு எழுதியிருக்கேன். கடைசியா எழுதினது மட்டும் நின்னுருச்சு."

வயது குறைந்தவர்கள் முதலில் வரும்படிதான் அடுக்கியிருந்தோம். கடைசியில் வருகிறவர் பெரியவர். ரெடிமேடாக வாங்கியிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா என்று நான் ஆரம்பிக்க, இதோ இப்பவே சரி செய்கிறேன் என்று அவன் கீபோர்டில் கை வைத்தான். போன் மறுபடி அடித்தது.

"கைய எடுடா," என்றேன். "சாயங்காலம் வரைக்கும் தொடாத."

வருகிறோம் என்று போனில் சொன்னவர்களில் வந்து சேர்ந்தது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரும் அவர் மனைவியும் மட்டும்தான். பெரியவரின் இடம் கடைக்கோடியில். குட்டிகளை முற்றத்தில் அவிழ்த்துவிட்டிருந்த நேரம் அது. ஒன்று ஓடிவந்து அந்த அம்மாவின் செருப்பு வாரைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அவர் குனிந்து அதைத் தூக்கிக் கொஞ்ச ஆரம்பித்தார். போச்சு, இன்றைக்கும் போச்சு என்று நினைத்தேன்.

அவர் குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, பெரியவர் எங்கே என்று கேட்டார். பெரியவர் எழுந்திருக்கக்கூட இல்லை. வாலை மட்டும் இரண்டு தட்டு தட்டினார். டிரைவர் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. வெப்சைட்டில் கோளாறு, மற்ற நாய், பூனைகள் யாரும் அதில் தெரியவில்லை, எல்லாரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"எல்லாரையும் சேத்துக் காட்டியிருந்தீங்கன்னா நாங்களும் ஒரு குட்டியத்தான் கேட்டிருப்போம்," என்றார் அந்த அம்மா. "காலையிலேருந்து எங்க வீட்ல பெரியவர் பேச்சுதான். எங்க படுப்பாரு, என்ன சாப்பிடுவாருன்னு சண்டைகூடப் போட்டாச்சு. இனிமே வேற யாரையும் கூட்டிட்டுப் போக மனசு வராதும்மா."

டிரைவர் தூக்கிக்கொண்டுபோய்க் காரின் பின்சீட்டில் படுக்கவைத்ததும், பெரியவர் ஏதோ தினமும் அந்தக் காரில் போய்வருகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் ஆபீஸுக்குத் திரும்பி, டேட்டாபேஸில் பெரியவர் பெயருக்கு நேரே 'வீடு கிடைத்தது' என்று மாற்றினேன். வீடு கிடைத்தவர்கள் டேபிளில் வரமாட்டார்கள். தம்பி தவறைச் சரிசெய்து பக்கத்தைத் திறந்தான். குட்டிகள், பூனைகள் எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். மேலிருந்து கடைசி வரி வரை பார்த்தேன்.

"ஒருத்தரைக் காணோம்டா," என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் கூடவே.